வேலியோரம் சாகாத வெண்டல்

வெண்டல் ஹாக்கட் பதினெட்டு வருஷமாக ஒரே இடத்தில்தான் செத்துக்கொண்டிருந்தார், வேலியோரத்தில். இந்த வருஷம் முட்டிவலி. அவ்வளவு தூரம் போய் விழத் தெம்பில்லாமல், முதல் வேட்டிலேயே ஓக் மரத்தடியில் குப்புறச் சாய்ந்துவிட்டார். வேடிக்கை பார்க்க வந்தவர்களைத் தடுத்துக் கட்டியிருந்த கயிறு பத்தடி தூரத்தில் இருந்தது.

வடக்குக் கரோலினாவின் அந்தப் போர்க்களத்தில் வருஷம் பூராவும் ஒரு குழி தோண்ட முடியாது. அரசாங்கம் அப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறது. மார்ச் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் வேஷம் கட்டிக்கொண்டு அமெரிக்கச் சுதந்திரப் போர்க்காலத்துப் பழைய சண்டையைப் போட்டுக்காட்ட விடுவார்கள். பிரிட்டிஷாருக்குச் சிவப்புக் கோட்டு, உள்ளூர்ப் படைக்குப் பழுப்புச் சட்டை. அசல் சண்டையில் இந்த உள்ளூர்ப் படை ரெண்டு தடவை சுட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓட்டம் பிடித்தது. இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த மானக்கேடு ஊரைவிட்டுப் போகவில்லை. ஓடுகிற வேஷத்துக்கு ஆளைக் கெஞ்ச வேண்டும், சாகிற வேஷத்துக்கோ போட்டாபோட்டி. வெண்டலின் முன்னோரும் அன்று ஓடியவர்தான். "ஹாக்கட் வம்சத்துல ஒருத்தனாவது நின்னு செத்தான்னு இருக்கட்டும்" என்பார் வெண்டல்.

செத்தவனுக்கு ஒரே சட்டம். முரசு அடித்து, "செத்தவங்க எந்திரிங்க!" என்று குரல் வரும்வரை அசையக்கூடாது. போன வருஷம் தும்மிய பிணத்தை இன்னும் கேலி செய்துகொண்டிருக்கிறார்கள்.

பீரங்கிப் புகை கலைந்தபோது கயிற்றுப் பக்கம் பழகிய குரல் கேட்டது. மனைவி நெல்டா. கூட அவள் தங்கை ஃபே.

"எங்கக்கா உன் ஆளு?"

"அதோ, வேலியோரம் மல்லாந்து கிடக்கான் பாரு. தொப்பையே சொல்லுதே."

யாரோ ஒருவனுடைய தொப்பை. வெண்டலுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. புல்லைக் கடித்து அடக்கிக்கொண்டார்.

"சொல்லிட்டியா?" என்றாள் ஃபே.

"இல்ல."

"அக்கா, உன் கணையத்துல கட்டி, அது ஈரல் வரைக்கும் போயிருச்சுன்னு டாக்டர் வியாழக்கிழமையே சொல்லிட்டாரு. திங்கக்கிழமை நீ ஆஸ்பத்திரியில சேரணும். இன்னும் எப்பதான் சொல்லுவ?"

"நாளைக்குச் சாயங்காலம். இதுக்குன்னு வருஷம் பூரா காத்துக் கிடக்கிற மனுஷன்டி. இந்த ரெண்டு நாளாவது நிம்மதியாச் செத்துட்டுப் போகட்டும்."

வெண்டலுக்கு எழுந்து ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எழுந்தால் அவள் கட்டிக் காத்துவைத்த ரெண்டு நாளும் போச்சு. கழுத்தில் எறும்பு ஏறியது. கண்ணில் வழிந்த நீரைத் துடைக்கக் கைக்கு வழியில்லை. ஒரு சிவப்புக் கோட்டுக்காரன் அவர் விரலை மிதித்துக்கொண்டு போனான். அது வலித்ததாகவே தெரியவில்லை.

முரசு முழங்கியது. "செத்தவங்க எந்திரிங்க!"

கைதட்டல். மைதானம் பூராவும் பிணங்கள் தட்டுத் தடுமாறி எழுந்தன. வெண்டல் எழவில்லை. இப்போது எழுந்தால் பத்தடி தூரத்தில் அவள் முகம். எல்லோரையும் விடுவித்த அந்தக் குரல் அவரை மட்டும் இன்னும் இறுக்கிக் கட்டிப்போட்டது.

டயர் கடைக்காரர் டூலி வந்து குனிந்தார். வருஷத்தில் இந்த ரெண்டு நாளும் அவர்தான் தளபதி. "யோவ், நிஜமாவே போய்ச் சேர்ந்துட்டியா?"

"பேரைச் சொல்லித் தொலைக்காத," என்று மண்ணுக்குள் முனகினார் வெண்டல். "என் பொண்டாட்டி போய்ட்டாளா?"

"வேலிப் பக்கம் போறா. என்னய்யா, வீட்டுல சண்டையா?"

வெண்டல் மரத்துக்குப் பின்னால் தவழ்ந்து, எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி மைதானத்தைச் சுற்றி வந்தார்.

வேலியோரம் நெல்டா மட்டும் பிஸ்கட் டப்பாவோடு நின்றிருந்தாள். உள்ளே பன்றிக்கறி வைத்த, பன் மாதிரி மெத்தென்ற பிஸ்கட், வழக்கம்போல. "எங்க போய்ச் செத்த? இங்க வேற எவனோ எந்திரிச்சுப் போறான்."

"ஓடைப் பக்கம்."

"நல்லா செத்தியா?"

"ம்."

ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். அவள் எப்போதும்போல அவர் முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டாள். "நாளைக்கு எங்க சாகப்போற? முன்கூட்டியே சொல்லிரு, தேட முடியல."

"நாளைக்குச் சாகல."

"பின்ன?"

"ஓடுறவங்களோட நிக்கிறேன்னு டூலிகிட்ட சொல்லப்போறேன்."

தட்டிய கை நின்றது. "நீயா? பதினெட்டு வருஷமா மாட்டவே மாட்டேன்னியே. எங்க ஓடுவ?"

"வீட்டுக்கு. அவங்கெல்லாம் அங்கதான ஓடினாங்க."

நெல்டா அவர் சட்டையின் மார்பில் ஒட்டியிருந்த ஒரு காய்ந்த இலையை எடுத்தாள். ஓக் இலை. அந்த மைதானத்தில் இருப்பது ஒரே ஒரு ஓக் மரம். தானும் தங்கையும் நின்று பேசிய கயிற்றுப் பக்கம் திரும்பி அந்த மரத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். இலையைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

"முட்டி வலிக்குதுன்ன," என்றாள். குரல் உடைந்திருந்தது. "இன்னைக்கே ஓட முடியுமா?"

அவர் துப்பாக்கியை வேலியில் சாய்த்து வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.