ஓர்ப்படியின் எண்பத்தாறு

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பத்து வருஷமாக ஊசி பிடிக்கிறேன். யார் ரத்தத்தைப் பார்த்தும் நான் பொறாமைப்பட்டதில்லை, என் ஓர்ப்படியின் ரத்தத்தைத் தவிர.

கொழுப்பைக் குறைக்க எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை. போன வருஷம் அவளுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். எனக்குக் கொழுப்பு மட்டும்தான். ஆனால் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து என் சர்க்கரை மெல்ல ஏறியது. "சிலருக்கு இந்த மாத்திரையால இன்சுலின் சரியா வேலை செய்யாது, சர்க்கரை கொஞ்சம் ஏறும். அதுக்காக நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர். நிறுத்தவில்லை. ஆனால் புலம்பினேன். அடுப்படியில், மாடிப்படியில், அவள் காதுபடப் புலம்பித் தள்ளினேன்.

இன்று காலை அவள் சர்க்கரைக்கு மட்டும் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு நூற்றுப் பதினெட்டு. அவளுக்கு எண்பத்தாறு. மெஷின் மேல் சந்தேகப்பட்டு மறுபடி ஓட்டினேன். எண்பத்தாறேதான். கேக் என்றால் மூன்று துண்டு முழுங்குகிறவளுக்கு எண்பத்தாறு! நான் டீயில் சர்க்கரையை விட்டு நாக்கு செத்துக் கிடக்கிறேன். மாமியார்தான் அவள் கட்சி என்றால் இன்சுலினும் அவள் கட்சியா?

எதிலாவது அவள் தோற்கட்டும் என்ற ஆத்திரத்தில், மிச்ச ரத்தத்தில் யாரும் எழுதித் தராத கொழுப்புப் பரிசோதனையையும் ஓட்டினேன். கெட்ட கொழுப்பு நூற்றுத் தொண்ணூறு. மாத்திரை போடுகிறவளுக்கு இவ்வளவு வராது.

உடனே போன் போட்டேன். "மாத்திரை போடுறியா, இல்லையா?"

"நிறுத்தி மூணு மாசமாச்சு அக்கா. வீட்ல சொல்லிடாதீங்க."

"உனக்கென்ன பைத்தியமாடி?"

"நீங்கதானே சர்க்கரை ஏறுது, ஏறுதுன்னு சொன்னீங்க? ரத்தத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? நீங்களே நிறுத்தியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் ஒருநாள்கூட நிறுத்தல. கிளம்பி வா, இப்பவே டாக்டரைப் பாத்துடலாம்."

"சரிக்கா. நீங்க இருக்கப்போய் கண்டுபிடிச்சீங்க" என்றாள்.

போனை வைத்தேன். என் புலம்பலைக் கேட்டு உயிரைப் பணயம் வைத்திருக்கிறாள். டாக்டரிடம் அதை நானே சொல்லிவிடுவேன். ஆனால் அந்த நூற்றுத் தொண்ணூறைப் பார்த்ததும் முதலில் என் வயிறு குளிர்ந்ததே, அதை யாரிடம் சொல்வேன்?