மோதினாரின் கழுத்து

1

பாங்கோசையில் பிறந்த கதை என்று சொன்னால் எடுப்பாக இருக்கும். உண்மையில் இது பாறசாலையில் மீன் வாங்க நின்றபோது காதில் விழுந்த வம்பில் பிறந்தது. நான் பழைய மிஷன் சபைக் குடும்பத்துக்காரன். பள்ளிவாசல் விஷயத்தில் பிழை வந்தால் என்னைத் திட்டுங்கள், மாகீனை விட்டுவிடுங்கள்.

(மாகீன்: எல்லைக் கிராமத்துப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்லும் மோதினார். வருடம் 1954, ஊர் தமிழ்நாட்டோடு சேர்வதா மலையாளத்தோடு இருப்பதா என்ற சண்டைக் காலம். ஆள் என் கற்பனை.)

2

முதல் தொடக்கம்: "எல்லைப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த அந்த—" வேண்டாம். பாடப்புத்தக வாடை.

இரண்டாவது: "மாகீன் தெற்கே பார்த்து நின்று—" என் மனைவி லீலாபாய் தலையில் அடித்துக்கொண்டாள். "மேக்க பாத்தாக்கும் பாங்கு விளிக்கது. இது தெரியாமலா கத எழுதப் போறிய?"

சரி. மேற்கே பார்த்து நிற்கிறார். காதில் விரல் வைத்து இறைவன் பெரியவன் என்கிறார். சாட்சி சொல்கிறார். பிறகு நெஞ்சு அசையாமல் கழுத்தை மட்டும் வலப்பக்கம் திருப்பி, 'தொழுகைக்கு வாருங்கள்' என்று இரண்டு தடவை. இடப்பக்கம் திருப்பி, 'வெற்றிக்கு வாருங்கள்' என்று இரண்டு தடவை.*

வலது பக்கம் மலையாளம் பேசும் நெய்யாற்றின்கரை. இடது பக்கம் தமிழ் பேசும் களியக்காவிளை. வினை அங்கேதான்.

* எல்லாம் அரபியில். அதனால் இரு பக்கத்தாருக்கும் சமமாகப் புரியாது.

3

தமிழ்நாட்டோடு சேரக் கொடி பிடித்த ரெத்தினதாஸ் யாரிடமோ அர்த்தம் கேட்டுக்கொண்டு வந்தார். "எலே மோகனா, கேட்டியா? வெற்றி எங்களுக்காக்கும். ஒனக்குத் தொழுகை மட்டும் உண்டு."

மலையாளக் கட்சிக் கடைக்காரர் மோகனனுக்குச் சுருக்கென்றது. "அப்போ நாங்க தோக்கணுமோ?"

(இருவரும் அந்தப் பள்ளிவாசல் படி ஏறியவர்கள் இல்லை.)

வம்பு வளர்ந்து போலீஸ் ஏட்டு வந்தார். "களுத்து நேரே நிக்கணும், கேட்டோ. திரும்பிச்சுண்ணா நாளை தொட்டு வேற ஆளாக்கும் விளிக்கது." பள்ளிவாசலை நடத்தும் ஜமாஅத்தாரும் பயந்து தலையாட்டிவிட்டார்கள். பாங்கு சொல்வதைத் தவிர மாகீனுக்கு வேறு ஆசை கிடையாது.

4

தனக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதிடம் போனார்.

"இன்னொரு முறையும் உண்டு மாகீனே. ஒவ்வொரு விளியையும் வலத்த ஒருக்கா, எடத்த ஒருக்காண்ணு சொல்லலாம். ஆனா நீ சொல்லுகதுதான் கூடுதல் சரி."

"அப்போ நான் எப்படி விளிக்க?"

"அது ஒனக்க இஷ்டமாக்கும்."

முடிவு அ: பழையபடியே சொல்கிறார். மறுநாள் வேறு ஆள். (எழுதிவிட்டேன். எனக்கே சோறு இறங்கவில்லை.)

முடிவு ஆ: இரண்டு பக்கமும் பங்கிட்டுச் சொல்கிறார். ஊர் சிரித்துக் கலைகிறது. இது எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.

முடிவு இ: கழுத்தை நேராக வைத்துக்கொண்டு மாகீன்—

5

சாயங்காலத் தொழுகை நேரம். தெற்கே ரெத்தினதாஸ், வடக்கே மோகனன், வாசலில் ஏட்டு. பேனாவோடு நான். எல்லாரும் அந்தக் கழுத்தையே பார்க்கிறோம். மாகீன் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. முகம் கழுவிய ஈரத்தோடு கண்ணை மூடுகிறார். பசி அடங்கிய பிள்ளையின் முகம். குரல் எழும்பிவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

திருப்பவேண்டிய இடம் வருகிறது. வாசகரே, முடிவு வேண்டுமென்றால் நின்று கேளுங்கள். அவர் கழுத்தை நான் திருப்பமாட்டேன். அதில் கைவைக்கத்தான் ஊரே நிற்கிறதே.