கொப்புளம் இல்லாத அம்மை

1

“மூணு தண்ணி ஊத்தாம புள்ளைய வாசப்படி தாண்ட விடமாட்டேன்.”

“அம்மைன்னா கொப்புளம் எங்க மதினி?”

“ஆத்தா எப்புடி வாரேன்னு ஒங்கிட்ட சொல்லிட்டா வருவா?”

நான் கேட்டது இந்த மூன்று வரிகள்தான். குளத்தூரில் ஏறிய ஒரு பெண், பேருந்தின் முன்சீட்டில் தன் வீட்டுச் சண்டையை இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினாள். முடிவைச் சொல்வதற்குள் இறங்கிவிட்டாள். அவள் மடியில் பிள்ளை இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. பெயர்கள் நான் வைத்தவை: அவள் சுகுணா, மதினி என்பது புருஷனின் அக்கா அழகி, காய்ச்சலில் கிடக்கும் மகள் கார்த்திகா.

2

[முதல் தொடக்கம்: ‘குளத்தூரில் விடாத மழை பெய்துகொண்டிரு…’ வேண்டாம். அந்த மழை நான் படித்த வெளிநாட்டு நாவல்களில் பெய்தது.]

வீடு முழுக்க வைரஸ் காய்ச்சல் வந்து போயிருந்தது. எல்லோரும் எழுந்து நடமாடிய பிறகு கார்த்திகாவுக்கு மட்டும் காய்ச்சல் திரும்பியது. கண் சிவந்தது, உதடு வெடித்தது, உடம்பெல்லாம் செம்புள்ளி. அழகி வாசலில் வேப்பிலை செருகினாள். அடுப்பில் தாளிப்பு நின்றது. தலைக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றும்வரை மருந்தும் ஊசியும் கூடாது.

சுகுணா அழகிக்குத் தெரியாமல் படமெடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். வைரஸ் போன பின் உடம்பின் எதிர்ப்பு சக்தியே ரத்தக்குழாய்களை வீங்க வைப்பதுபோல் தெரிகிறது, தாமதித்தால் இதயத்துக்குப் போகும் குழாய் பழுதாகலாம், இன்றே கொண்டு வாருங்கள் என்றார் அவர்.

3

அழகியைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. (காலையிலிருந்து பட்டினியாக, நின்றபடியே வேப்பிலையால் விசிறிக்கொண்டிருக்கிறாள். கொடுமைக்காரி நடுவில் கொஞ்சம் உட்கார்ந்திருப்பாள்.) ஊசி குத்தினால் பிள்ளையின் கண் போய்விடும் என்பது அவள் பயம்.

சுகுணா ஏன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை? ஓட வைத்தேன். வேப்பிலைக்குக் கீழே வந்ததும் அவளே நின்றுவிட்டாள். ஒருவேளை ஆத்தாவாகவே இருந்தால்?

4

முடிவு ஒன்று: ஆஸ்பத்திரியில் மருந்து ஏறுகிறது, காய்ச்சல் இறங்கு… (எழுத எனக்கும் ஆசைதான்.)

முடிவு இரண்டு: தண்ணீர் ஊற்றும்வரை காத்திருக்கிறார்கள். அதற்குள்…

இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன். அழகியை உங்களிடம் விடுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள்.

நான் எழுதுவது இதுவரைதான்: கார்த்திகாவின் விரல்கள் வீங்கி, டம்ளர் கையில் நிற்கவில்லை. சுகுணா வரச்சொன்ன ஆட்டோ தெருவில் நின்றது. அழகி வாசலை மறித்து நின்றாள். சுகுணா சண்டையை விட்டுவிட்டு, மகளைத் தூக்கி அழகியின் கைகளிலேயே கொடுத்தாள்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு மதினி. நீங்களே ஆத்தாகிட்ட உத்தரவு கேளுங்க. கேட்டுட்டு, நீங்களே இவளத் தூக்கிட்டு வாங்க.”