இங்கதான் வருவா

இலையுதிர் காலம் தொடங்கியதும் என் மனைவியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. "சீசன் ஆரம்பிச்சாச்சு. ஞாயிறு காலை பூங்கா. எங்க ஆளையே காணோம்?"

அனுப்பியவர் ஒரு பஸ் டிரைவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கப் போகும் மூவரில் ஒருவர். இன்னொருவர் ஒரு லைப்ரரியன். மூன்றாவது ஆள் என் மனைவி. அவள் ஜூன் மாதம் இறந்தது மற்ற இருவருக்கும் தெரியாது.

உறவுக்காரர்களிடம் மச்சினன் சொல்லிவிட்டான். என் ஆபீஸுக்கு நண்பன் குறடு போன் செய்தான். என் வாயால் நான் யாரிடமும் சொன்னதில்லை.

"இவங்ககிட்ட நீதான்டா சொல்லணும்," என்றான் குறடு. "நேர்ல."

"போன்ல சொன்னா என்ன?"

"போன்லயே பல்லைப் பிடுங்க முடியுமா?"

அவன் பல் டாக்டர். குறடு என்பது கல்லூரியில் வைத்த பெயர். பிறகு மாற்றத் தேவைப்படவில்லை.

ஞாயிறு காலை அவனும் வந்தான், மகளுடைய ரோஸ் நிற பிளாஸ்டிக் பைனாகுலரை மாட்டிக்கொண்டு. ஈர இலைகளை ஒருவர் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே புதிதாக இலைகள் விழுந்தன.

"மச்சான், அதோ ஒண்ணு."

"புறா."

"புறாவும் பறவைதானே?"

"ஆமா."

"அப்ப பார்த்தாச்சு. வா, விஷயத்தைச் சொல்லிட்டுக் கிளம்பலாம்."

அவர்கள் கழிப்பறைக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். டிரைவர் யூனிஃபார்மில் இருந்தார். லைப்ரரியன் அம்மா மழைக்கோட்டில். முக்காலியில் ஒரு டெலஸ்கோப், ஒரு மரத்தைப் பார்த்தபடி.

நான் யார் என்று சொன்னேன்.

"நம்ம தொப்பியோட வீட்டுக்காரரா!" என்றார் டிரைவர். அவளுக்கு அங்கே அதுதான் பெயர். "தொப்பி எங்க?"

காரில் வாக்கியத்தை ஒத்திகை பார்த்திருந்தேன். அது வரவில்லை.

"அவ இங்கதான் வருவா," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வருவது அவள் வழக்கம் என்ற பொருளில் சொன்னேன். இலக்கணத்தில் பிழை இல்லை.

"வரட்டும், வரட்டும். பறவை எங்கயும் போகாது."

குறடு ரோஸ் பைனாகுலரை இறக்கி என்னை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனான்.

"என்னடா சொன்ன?"

"உண்மையைத்தான்."

"எந்தக் காலத்து உண்மை?"

பதில் சொல்வதற்குள் டிரைவர் கிட்டே வந்துவிட்டார். அவருக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"போன வருஷம் தொப்பி இதே மரத்துல செம்மார்பு ஈப்பிடிப்பானைப் பார்த்தேன்னாங்க. இந்தப் பக்கமே வராத பறவை. சிட்டுக்குருவிக்கு வெத்தலை போட்டு வாய் செவந்திருக்கும்னு நான் சொன்னேன். வருஷம் பூரா அதைச் சொல்லியே ஓட்டினேன். இன்னிக்கு வந்து உக்காந்திருக்கு, பாவி. தொப்பி முன்னால நான் தோத்துட்டேன்னு ஒத்துக்கணும்."

வீட்டில் அவள் இதைச் சொன்னதே இல்லை.

"நான் பார்க்கலாமா?" என்று குறடு டெலஸ்கோப்பை நெருங்கினான்.

"தொடாதீங்க," என்றார் லைப்ரரியன் அம்மா. "முதல்ல தொப்பி."

நான்கு பேரும் காத்திருந்தோம். டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"டியூட்டிக்குப் போகலையா?" என்றேன்.

"ஒரு பஸ் லேட்டானா குடிமுழுகிப் போயிடாது. இருங்க, எங்க வர்றாங்கன்னு கேட்டுடறேன்."

என் சட்டைப்பையில் மணி அடித்தது.

டிரைவர் தன் போனைப் பார்த்தார். என் பையைப் பார்த்தார். "போனை விட்டுட்டு வந்துட்டாங்களா?"

குறடு வாயைத் திறந்தான். அவன் கையைப் பிடித்தேன்.

"அவ இறந்துட்டா," என்றேன். "ஜூன்ல."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"கட் பண்ணுங்க," என்றேன். அவர் கட் பண்ணினார்.

"வருவான்னு சொன்னீங்களே," என்றார் லைப்ரரியன் அம்மா. கோபமாக அல்ல. திரும்பி வராத புத்தகத்தைப் பற்றி விசாரிப்பதுபோல.

"முன்னாடி வருவா. அதைச் சொன்னேன்."

"ம்."

டிரைவர் தன் யூனிஃபார்ம் தொப்பியைக் கழற்றினார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார். டியூட்டி இருக்கிறது என்றார். போகவில்லை.

லைப்ரரியன் அம்மா டெலஸ்கோப்பை விட்டு விலகினார். "நீங்க பாருங்க."

பார்த்தேன். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. பழுப்பு. தொண்டையில் செம்மை. வாலைச் சட்டென்று தூக்கி இறக்கியது. இதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எழுவதற்குள் கிளம்பிப் போயிருக்கிறாள்.

"தொப்பி சொன்னதுதான் சரி," என்றார் டிரைவர், எனக்குப் பின்னாலிருந்து, கொஞ்சம் சத்தமாக.

"சரி," என்றேன், அவள் சார்பில்.

அவர் பஸ்ஸுக்கு ஓடினார். நாங்கள் வாசலை நோக்கி நடந்தோம்.

"இன்னும் தெரியாதவங்க யாராவது இருக்காங்களா?" என்றான் குறடு.

யோசித்தேன். "இல்ல. இவங்கதான் கடைசி."

"அப்பாடா."

எனக்கு அப்பாடா வரவில்லை. கொஞ்ச நேரம் முன்புவரை, இந்த ஊரில் இரண்டு பேரைப் பொறுத்தவரை அவள் வந்துகொண்டிருந்தாள். சற்றுத் தாமதம், அவ்வளவுதான்.