கவிதையில் இல்லாத பெண்

புருஷன் கோகுல்ராஜ் எழுதிய கவிதை சசிகலாவுக்கு மனப்பாடம். மலையிலிருந்து கடைசி பஸ் இறங்கிப் போகிறது. புழுதி அடங்கும்வரை ஒருவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். அவ்வளவுதான். அதைக் குறும்படமாக எடுத்திருக்கிறார்கள் என்றதும், சாமை அறுப்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் புருஷனோடு திருப்பத்தூருக்கு வந்திருந்தாள்.

படத்தில் அந்தப் பஸ்ஸுக்குள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவன் நீட்டிய புளியம்பழத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். பஸ் கிளம்பியதும், அழுவது அவனுக்குத் தெரியக்கூடாதென்று ஜன்னல் ஷட்டரை இழுத்து இறக்கினாள்.

"இவ யாரு மாமா?"

"சினிமான்னா ஒரு பொண்ணு வேணுமில்ல? அவங்களா சேத்துக்கிட்டது."

சசிகலாவுக்கு மனசு ஆறியது. படம் முடிந்து டீ கொடுத்தபோது, அதை எடுத்த இளவழகனிடம் அவளே போய்ப் பேசினாள். "அந்த ஷட்டர் எறக்குற எடம் நல்லா இருந்துச்சிங்க. எப்டிங்க தோணுச்சு?"

"எனக்கு எங்கங்க தோணுச்சு? பஸ் போனா ஒருத்தன் எதுக்கு அப்டி நிக்கணும்னு கோகுல்ராஜ் சார்கிட்ட கேட்டேன். ஷட்டரு, புளியம்பழம் எல்லாம் அவரு சொன்னதுதான். நேர்ல பாத்த மாதிரி சொன்னாரு."

சசிகலா டீயை அப்படியே வைத்துவிட்டாள். மலை ஏறும் பஸ் முதல் வளைவைத் தாண்டியதும் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"பேரு இன்னா?"

எந்தப் பேர் என்று அவன் கேட்கவில்லை. "புவனா. படவேட்டுப் பக்கம் கட்டிக் குடுத்துட்டாங்க. அதெல்லாம் பழைய கத, சசி. உன்ன கட்றதுக்கு முன்னாடி."

அந்தப் பேரைச் சொல்ல அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டில் தன்னைக் கூப்பிடும்போதுகூட 'இந்தா' என்றுதான் ஆரம்பிப்பான்.

"என்ன பத்தி இன்னா எழுதுன?"

"நீதான் வூட்லயே கீறியே. தெனமும் பாக்கறவள இன்னான்னு எழுதறது?"

முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். சசிகலா குரலைத் தாழ்த்தினாள். "அப்ப நானும் பஸ் ஏறிப் போனாத்தான் எழுதுவ."

கோகுல்ராஜ் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. "போவியா இன்னா?"

சசிகலா போகமாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கும்தான் தெரிந்திருந்தது. அதனால்தான் படவேட்டில் எங்கேயோ இருக்கும் அந்தப் புவனாமேல் அவளுக்கு அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது.