படிக்காதவை 143

…ஆக இந்த சாஃப்ட்வேரும் வேண்டாம், இது கட்டுரை இருக்கிற முகவரியை மட்டும்தான் எழுதி வைத்துக்கொள்ளும், கட்டுரையை எடுத்து வைக்காது, நாளைக் காலையில் அந்த இணைய இதழே இருக்காது என்கிறபோது முகவரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, இடித்த வீட்டுக்குக் கதவிலக்கம் எதற்கு... தள்ளு. மணி இரண்டே கால். நாலு மணிக்கு என் மனைவி ராணி, மரியாயின் சேனைக் கூட்டம் முடிந்து கோவிலிலிருந்து வந்துவிடுவாள், அதற்குள் அவள் எழுதிய நூற்று நாற்பத்து மூன்று கட்டுரைகளும் இந்த மேசைமேல் இருக்கும் பழைய லேப்டாப்புக்குள் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும், ஒன்றுகூட விடக் கூடாது. ஐந்து வருஷமாக மாதம் இரண்டு மூன்று என்று எழுதியவள், நேரே போனில் தட்டி அனுப்புகிறவள், பிரதி என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இதழ் நடத்திய தஞ்சாவூர்க்காரர் உடம்புக்கு முடியவில்லை, சனிக்கிழமையோடு நிறுத்துகிறேன் என்று எழுதிவிட்டார். "போனாப் போகுதுங்க, நான் என்ன பெரிய எழுத்தாளரா" என்று சொல்லிக்கொண்டே கொடியில் காய்ந்த துணியை மடித்தாள், ஒரே சேலையை மூன்று தடவை மடித்தாள், எனக்குத் தெரியாதா அவளை, முப்பத்தோரு வருஷம். "நான் இருக்கேன்ல ராணி, ஒண்ணு விடாம எறக்கித் தாரேன்" என்றேன். சொன்னால் செய்கிறவன் இந்தப் பங்கிராஸ், அது ஆவூருக்கே தெரியும்.

மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம், ஃபோர்மேனாக ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது, இன்றைக்கும் தெருவில் கரண்ட் போனால் ஆபீசுக்குப் போன் போகுமுன் எனக்குத்தான் வரும். இன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து ஊரே வியர்த்துக்கொண்டிருக்கிறது, என் வீட்டில் மட்டும் ஃபேனும் ஓடுகிறது, இன்டர்நெட்டும் ஓடுகிறது, நானே இழுத்த இன்வெர்ட்டர் லைன். ஷர்லி சிரிப்பாள், சிரிக்கட்டும். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மகள், "அப்பா, ஒங்களுக்கு எதுக்கு இந்த வேலை, கிறிஸ்மஸுக்கு வாரப்ப நான் போட்டுத் தாரேன்" என்கிறாள், கிறிஸ்மஸ் வரைக்கும் தஞ்சாவூர்க்காரர் கதவைத் திறந்து வைத்திருப்பாரா? இல்லையென்றால் இன்டர்நெட்டில் ஏதாவது ஓசி இடத்தில் போட்டு வையுங்கள் என்கிறாள். ஓசி இடத்தில் வைத்த கதைதான் தெரியுமே. ராணி கட்டுரை வந்ததும் 'பிறகு படிக்க' என்று நான் சேமித்து வைத்த அந்தப் போன் ஆப்பை மூடிவிட்டார்கள், மூடும்போது பட்டியலை ஒரு ஃபைலாகக் கையில் கொடுத்து, போய் வாருங்கள் என்றார்கள். அடுத்தவன் லைனில் கொக்கி போட்டு எத்தனை நாளைக்கு விளக்கெரிப்பது? நமக்கென்று சொந்த மீட்டர் வேண்டும். அதுவும் எதில் செய்கிறேன், ஷர்லி ப்ளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில், அவள் பேட்டரி செத்துவிட்டது, தூக்கிப் போடுங்கள் என்று சொன்னதில், லினக்ஸ் ஏற்றி, விசிறிக்கு எண்ணெய் விட்டு... அறுபத்திரண்டு வயதில், யாரிடமும் கேட்காமல். நினைத்தால் எனக்கே நெஞ்சு நிமிர்கிறது.

அடுத்தது இது. இது பக்கத்தை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொள்ளும், விளம்பரம் உட்பட, நல்லதுதான், ஆனால் நேற்று இரவு போட்டுப் பார்த்ததில் பத்துக் கட்டுரைக்கே லேப்டாப் மூச்சு வாங்கியது, இரண்டு ஜிபி மெமரி, ஐந்து குதிரை மோட்டாரை வீட்டு லைனில் போட்டால் இழுக்குமா? இன்னொன்று படத்தை விட்டுவிடுகிறது, ராணி கரும்பலகையில் போட்ட கணக்கையெல்லாம் படமெடுத்துப் போடுவாள், அது போனால் பாதி போச்சு. கடைசியாக இதோ இது, எழுத்தும் படமும் எடுக்கும், கனம் இல்லை, தமிழ் உடையாமல் தெரிகிறது, பழைய ஆப் கொடுத்த ஃபைலை அப்படியே விழுங்கும், எது படித்தது எது படிக்காதது என்ற கணக்கோடு... எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்து நான் பொறுக்கினேன். இதுதான். ராணி போனிலும் காலையிலேயே, எதைப் பொறுக்கினாலும் அதைத் திறக்கிற மாதிரி ஒரு ஐகான் போட்டுக் கொடுத்துவிட்டேன், "கேட்டுக்குள்ள நொழஞ்சதும் நம்ம வைஃபை புடிச்சுக்கும், தொறந்து பாரு, ஒன் எழுத்து பூராம் நம்ம வீட்டுக்குள்ள இருக்கும்" என்றேன். "அம்புட்டும் வந்துருமா?" என்று கேட்டாள், சின்னப்பிள்ளை மாதிரி.

ஃபைலைக் கொடுத்தாயிற்று. ஓடுகிறது. ஏழு... பதினெட்டு... நாற்பது... ஒவ்வொன்றாக அவள் தலைப்புகள் திரையில் ஏறுகின்றன, 'பூஜ்யத்தைக் கண்டு பயப்படும் கலைமதி', 'வகுத்தல் என்றால் பங்கு வைப்பது', 'நாலு நாற்பது பஸ்'... அடேயப்பா, ஒரு கணக்கு டீச்சர், மாத்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்து சமைத்துவிட்டு இத்தனை எழுதியிருக்கிறாளே. எண்பத்தொன்று. யாருக்கு வாய்க்கும் இப்படி ஒரு பெண்டாட்டி, ஓய்வுபெற்ற ஃபோர்மேன்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிற முத்துராமன் வீட்டு அம்மா சீரியல் பார்க்கிறது, என் வீட்டில் எழுதுகிறது. ஒவ்வொரு கட்டுரையையும் அந்தக் குரூப்பில் முதலில் போடுவது நான்தான், 'என் துணைவியார் எழுதியது, அவசியம் படிக்கவும்' என்று. நூற்றுப் பதினாறு. நூற்று நாற்பத்து மூன்று. நின்றது. ஒன்று விடவில்லை! மணி மூன்று ஐந்துதான். எழுந்து நின்று தனியாகக் கை தட்டினேன், ஆமாம், தட்டினேன், யார் பார்க்கிறார்கள்.

உட்கார்ந்து பார்த்தால் மேலே பெரிய எழுத்தில்... படித்தவை 0. படிக்காதவை 143. இது என்ன, தப்பாக இழுத்துவிட்டதா? பழைய ஃபைலைத் திறந்து பார்த்தேன், அதிலும் ஒவ்வொரு வரியிலும் படிக்காதது, படிக்காதது, படிக்காதது. தப்பு மெஷினில் இல்லை. நான்தான். கட்டுரை வந்ததும் சேமிப்பேன், குரூப்பில் போடுவேன், ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படிக்கலாம் என்று வைப்பேன், ஞாயிற்றுக்கிழமை திருப்பலி, கறி, தூக்கம்... "படிச்சீங்களா?" என்பாள். "படிச்சுட்டேன் ராணி, பிரமாதம்" என்பேன். அவ்வளவுதான், நூற்று நாற்பத்து மூன்று பிரமாதம். முதல் இரண்டு வரி எல்லாவற்றிலும் பார்த்திருக்கிறேன், சத்தியமாக, போனிலேயே முதல் இரண்டு வரி தெரியுமே. அவள் உள்ளே வருவாள், போனைத் திறப்பாள், இந்த எண் பளிச்சென்று நிற்கும். வேறு ஒன்றைப் பொறுக்கியிருந்தால் இந்தக் கணக்கே வந்திருக்காது, சீர்தூக்கிப் பார்த்தேனாம், பெரிய சீர்தூக்கல்.

பட்டன் இருக்கிறது. 'எல்லாவற்றையும் படித்ததாகக் குறி.' ஒரு தட்டு, வேலை முடிந்தது. விரலைக் கொண்டுபோய் வைத்தேன்... கொடும்பாளூர்ப் பக்கம் ஒரு கோடை மழைக்கு முன்னால் அறுபது கம்பம் சோதனை, கூட இருந்தவன் நாற்பதில் நின்றுகொண்டு மிச்சத்துக்கும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்றான், நான் போடவில்லை, வெயிலில் மிச்சம் இருபதுக்கும் நடந்தேன், பார்க்காத கம்பத்துக்குக் கையெழுத்துப் போட்டதே இல்லை, அந்தக் கர்வத்திலேயே ஓய்வு பெற்றவன். வீட்டில் மட்டும் ஐந்து வருஷமாகப் போட்டிருக்கிறேன். விரலை எடுத்துவிட்டேன். சரி, இன்னும் ஐம்பது நிமிஷம் இருக்கிறது, பத்தையாவது படித்துவிடுவோம், பத்து படித்தவன் முகத்தைப் பார்த்துப் பேசலாம். எதைத் திறக்க? பஸ் கட்டுரையைத் திறந்தேன், பஸ் விஷயம் எனக்கும் தெரிந்ததுதானே.

'நாலு நாற்பதுக்கு எங்கள் ஊர் பஸ் வரும். நான் ஏறுவதில்லை. அது புறப்பட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அடுத்தது ஐந்து பத்துக்கு. நடுவில் உள்ள அரை மணி நேரம் நான் யாருக்கும் டீச்சர் இல்லை, யாருக்கும் அம்மா இல்லை, யாருக்கும் சோறு வைக்க வேண்டியவள் இல்லை. அழகி கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. வீட்டில் பஸ் லேட் என்று சொல்லிவிடுவேன்.' ஐயோ... அந்த பஸ்ஸுக்காக நான் டிப்போவுக்கு மூன்று மனு எழுதியிருக்கிறேனே. கிளை மேலாளரை நேரில் பார்த்துச் சத்தம் போட்டேனே, அந்த மனுஷன் எங்கள் பஸ் சரியான நேரத்துக்குத்தான் போகிறது சார் என்று எத்தனை தரம் சொன்னார். குரூப்பில் இதைப் போட்ட அன்றைக்கு முத்துராமன் போன் பண்ணி, "என்னப்பா, டீச்சருக்கு டீ ரொம்பப் புடிக்குமோ" என்று கேட்டான், நானும் ஆமாம்ப்பா என்றேன், அங்கிட்டு நாலு பேர் சிரித்தார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. நாற்பது பேர் படித்திருக்கிறார்கள், நான் ஒருத்தன்தான் படிக்கவில்லை. கீழே இன்னும் இருந்தது.

'வீட்டுக்காரர் இதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று தோழிகள் கேட்கிறார்கள். பார்ப்பார், நாற்பது பேருக்கு அனுப்புவார், பெருமைப்படுவார். படிக்க மட்டும் மாட்டார். முதலில் அது எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது இல்லை. அவர் படிக்காத இடத்தில்தான் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.'

இரண்டு தடவை படித்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை, வந்தது என்ன தெரியுமா, என்ன எழுத்து எழுதியிருக்கிறாள் என்று தோன்றியது, வெட்கம் கெட்டவன், அந்த நேரத்திலும் பெருமைதான் வந்தது, இந்தக் கடைசி வரியை ஷர்லிக்கு அனுப்பலாமா என்றுகூடக் கை போனது. அப்படியானால் ஒவ்வொரு தடவை நான் பிரமாதம் என்றபோதும் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சிரித்திருக்கிறாள். மேலே எண் மாறியிருந்தது, படித்தவை 1, படிக்காதவை 142. இந்த ஒன்றைப் பார்த்தால் எது என்று தேடுவாள், பக்கத்திலேயே குறி இருக்கும். அதன் பிறகு எழுதுவாளா? வேறு இதழ் கிடைத்தாலும் எழுதுவாளா, அந்த அரை மணி நேரமும் போய்விடாதா... அந்த ஒன்றையும் படிக்காததாகத் திருப்பி வைத்தேன். பூஜ்யம். நூற்று நாற்பத்து மூன்று. அடுத்ததைத் திறக்கக் கை வரவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தேன், கேட் சத்தம் கேட்டது.

"என்னங்க, ஆயிருச்சா?" செருப்பைக் கழற்றும்போதே போனைத் திறந்துவிட்டாள். "அம்புட்டும் வந்துருச்சு ராணி, ஒண்ணும் விடல." மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தலைப்பாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள், உதடு அசைந்தது, எண்ணுகிறாள், கணக்கு டீச்சர் அல்லவா, கண் கலங்கியிருந்தது, பார்க்க எனக்கு அத்தனை நிறைவாக இருந்தது. பிறகு மேலே போனாள். அந்தப் பூஜ்யத்தில் நின்றாள். "ஒண்ணுகூட படிக்கலயா நீங்க?" ஐந்து வருஷமாகப் படிக்காமல் படித்தேன் என்றவன், முதல் தடவையாகப் படித்துவிட்டு, "இன்னும் படிக்கல ராணி" என்றேன். அவள் முகம் லேசாகத் தெளிந்தது, நிம்மதி என்றுதான் நினைத்தேன், சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்றுகூட நினைத்தேன். டீ போடப் போனவள் அடுக்களை வாசலில் நின்றாள். திரும்பவில்லை.

"ஒண்ணாச்சும் படிச்சிருக்கலாம்ங்க" என்றாள்.

ஒன்று படித்திருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எது என்று கேட்பாளே.