மாலை போடாத படம்

செத்துப்போன ஒருவரின் குரலில் அவர் மனைவிக்கு போன் செய்ததுதான் என் முதல் நடிப்பு. அப்போது அவர் செத்தது எனக்குத் தெரியாது. என் தரப்பில் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.

அந்தமான் போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் எங்களுக்கு அடுத்த வீடு ராஜகுமாரி அக்கா. புருஷன் வெள்ளைச்சாமி அண்ணன், ஹேவ்லாக் தீவுப் பக்கம் மீன் படகில் போகிறவர். துர்கா பூஜை பந்தலில் மிமிக்ரி செய்து கைதட்டல் வாங்கிய திமிர் எனக்கு. ஒரு புதன்கிழமை மத்தியானம் அவர் தொண்டையை எடுத்துக்கொண்டேன்.

"ராஜி, நாளைக்கு வர்றேன். குழம்பு வெச்சு வை."

அக்கா ரிசீவரை வைத்துவிட்டாள். நான் தரையில் புரண்டு சிரித்தேன்.

வியாழக்கிழமை சேதி வந்தது. படகு செவ்வாய்க்கிழமையே கவிழ்ந்திருந்தது. உடல் கிடைக்கவில்லை. அழ வந்தவர்களிடம் அக்கா, "புதன்கிழமை போன்ல பேசினாரே" என்றாள். பொட்டை அழிக்க விடவில்லை. அவர் படத்துக்கு மாலை போடவும் விடவில்லை.

அடுத்த கப்பலில் மெயின்லேண்டுக்கு ஓடினேன். பேட்டிகளில் இதைக் கலைத்தாகம் என்று சொல்வேன். சென்னையில் கொஞ்ச நாள் டப்பிங், பிறகு சீரியல். முதல் வேடம், சுவரில் மாலை போட்ட புகைப்படம். இருநூறு எபிசோடு அசையாமல் தொங்கினேன். முகபாவம் அபாரம் என்றார்கள். டைரக்டருக்கு என்ன தோன்றியதோ, ஒருநாள் செத்தவனை போனில் பேச வைத்தார். நான் பேசியதும் யூனிட்டே சிலிர்த்தது. அது யாருடைய தொண்டை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பன்னிரண்டு வருடம் கழித்துப் போன மாதம் ஊருக்குப் போனேன். "அக்கா இன்னும் காத்துட்டா இருக்கு?" என்று அம்மாவிடம் கேட்டேன். "தோசை ஆறுது" என்றாள். கடைக்காரர் திருநாவுக்கரசிடம் கேட்டேன். "அரே ஆக்டர் சாப், பஹலே ஒரு செல்ஃபி, அப்புறம்தான் பேச்சு!" என்றார்.

பட்டப்பகலில் அக்கா வீட்டுக்கே போனேன். டிவியில் அந்தப் பழைய சீரியல், மாலையோடு நான். எதிர்ச் சுவரில் மாலையில்லாமல் அண்ணன். மூலையில் அந்தப் பழைய போன். வயர் எதிலும் சொருகியிருக்கவில்லை. ஆனால் தூசி துடைத்துப் பளபளவென்று இருந்தது.

"அக்கா, அந்தப் புதன்கிழமை போன்... நான்தான்."

"தெரியும்டா."

"தெரியுமா?"

"ராஜின்னு கொஞ்சுற மனுஷனாடா அவரு? இதுல 'நாளைக்கு' வேற. இந்திக்காரங்களோட படகுல போயிப் போயி அவருக்கு எல்லாமே 'கல்'தான். நேத்தும் கல், நாளைக்கும் கல்."

"அப்புறம் ஏன்க்கா இத்தனை வருஷமா இப்படி? நேரா சொல்லு. என்னாலயா?"

அக்கா டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"உன்னால இல்லடா. அன்னைக்கே சாயங்காலம் இன்னொரு போன் வந்துச்சு. 'ஏ புள்ள, கல்...'னாரு. லைன் கட்டாயிருச்சு. நேத்தா, நாளைக்கான்னு தெரியாமத்தான் உட்கார்ந்திருக்கேன்."